நங்கூரம் இடக்கூடாத தீவு

மலையும் கடலும் ஒரே நாளில் வாய்க்காத சேபாத் தீவில் முக்குளிக்கப் போகிறவர், கணக்குப் போட்டுத்தான் மூட்டை கட்டவேண்டும்

செயின்ட் மார்ட்டினில் புறப்பட்டுக் கால்மணி நேரங்கூட ஆகியிருக்காது. பத்தொன்பது பேர் அமரக்கூடிய ட்வின் ஆட்டர் விமானத்தில், விமானியின் தோளுக்கு மேலாக முன்கண்ணாடி வழியே எட்டிப் பார்க்கிற பிரயாணியின் கண்ணுக்கு, நீலச் சமுத்திரத்தின் நடுவே மேகத்தைத் தலையில் சுமந்துகொண்டு நிற்கும் ஒற்றை மலைதான் முதலில் தென்படுகிறது. அந்த மலையின் அடியில், எந்தக் காலத்திலோ வழிந்து கடலுக்குள் இறங்கி உறைந்துபோன தீக்குழம்பின் முதுகில், பந்தியில் கடைசி ஆளுக்கு நறுக்கிப் போட்ட இலைத்துண்டு போல ஏதோ ஒன்று கிடக்கிறதே, அதுவே தாம் இறங்கவேண்டிய ஓடுபாதை என்பதை அவர் உணர்ந்துகொள்ளும்போது, ஜன்னலுக்கு வெளியே பாறைச் சுவர் மிக நெருங்கி வந்துவிடுகிறது. அடுத்த இருக்கைக்காரரின் பேச்சுகூடப் பாதியில் நின்றுவிடுகிறது.

சக்கரம் தரையைத் தொட்ட மறுகணமே இயந்திரங்கள் உறுமிக்கொண்டு விமானத்தைப் பின்னுக்கு இழுக்கின்றன. இழுத்தே ஆகவேண்டும். மீனம்பாக்கத்தின் பிரதான ஓடுபாதை மூன்றரைக் கிலோமீட்டருக்கும் அதிகம். இதுவோ 400 மீட்டர். உலகத்தில் பிரயாணிகளை ஏற்றி இறக்கும் விமான நிலையங்களுக்குள் இதைவிடக் குட்டையான பாதை கிடையாது. அதன் இரு முனைகளிலும் பாறை அறுந்து கடல் தொடங்கிவிடுகிறது. விமானம் நின்றதும் சிலர் கைதட்டுவார்கள். சிலர் இன்னும் இருக்கையின் கைப்பிடியைப் பற்றிக்கொண்டே இருப்பார்கள்.

சில காலமாக நம் இளைஞர் வட்டாரங்களில் ஸ்கூபாவைப் பற்றிய பேச்சு பலத்திருக்கிறது. புதுச்சேரியிலோ அந்தமானிலோ நாலைந்து நாள் பயின்று சான்றிதழ் பெற்று, மாலத்தீவையும் பார்த்துவிட்டு, இனி எங்கே என்று வரைபடத்தை விரிக்கிறவர்களின் விரல், உலகின் அந்தக் கோடியிலிருக்கும் கரீபியக் கடலில் போய் நிற்பதும் உண்டு. அந்தக் கடலில் வெண்மணற்கரையும் தென்னை நிழலும் கேளிக்கை விடுதிகளும் நிரம்பிய தீவுகள் எத்தனையோ இருக்க, அவற்றில் எதுவுமே இல்லாத இந்தத் தீவை ஏன் தேர்ந்தெடுக்கவேண்டும் என்பது நியாயமான கேள்வி. அவை இல்லாததுதான் காரணம் என்று தொடங்கினால் விஷயம் முழுவதையும் சொல்லிவிடலாம்.

எண்ணூறு படிகளின் காலம்

எழுத்தில் சாபா என்று படிக்கத் தோன்றினாலும் ஊரார் வாயில் அது சேபா. பதின்மூன்று சதுர கிலோமீட்டர் விஸ்தீரணம், ஏறக்குறைய இரண்டாயிரம் ஜனங்கள், நான்கு கிராமங்கள். கொலம்பஸ் 1493 நவம்பரில் இதைக் கண்டும், கரையெல்லாம் கூரிய பாறையாக இருந்ததால் இறங்காமலே கடந்துபோனான். பதினேழாம் நூற்றாண்டில் பக்கத்துத் தீவாகிய செயின்ட் யூஸ்டேஷியஸிலிருந்து டச்சுக்காரர் வந்து குடியேறினார்கள். பிறகு கொடிகள் பல மாறின. கடைசியில் நிலைத்தது டச்சுக் கொடி. பேச்சுமொழியாக நிலைத்ததோ ஆங்கிலம்.

துறைமுகம் இல்லாத தீவுக்குள் சாமான் எப்படி வந்தது என்பதற்கு விடை இன்றும் மேற்குக் கரையில் நிற்கிறது. லேடர் பே என்ற இடத்தில், பாறையில் வெட்டிய எண்ணூறு படிகள். அலையின் ஏற்ற இறக்கம் பார்த்துப் படகிலிருந்து பாறைக்குத் தாவி, தலைச்சுமையாகவே அரிசியும் மாவும் மரச்சாமானும் ஏற்றினார்கள். பியானோவும் அப்படித்தான் ஏறிற்று என்று தீவார் பெருமையாகச் சொல்வதுண்டு. மலையைச் சுற்றிப் பாதை போடமுடியாது என்று டச்சுப் பொறியாளர்கள் கையை விரித்துவிட்டபோது, ஜோசஃபஸ் லாம்பர்ட் ஹாஸ்ஸல் என்ற தீவுக்காரர் தபால் வழியில் பொறியியல் படித்து, தம் ஜனங்களைக் கூட்டிக்கொண்டு 1938இல் வேலையை ஆரம்பித்தார். 1947இல் முதல் மோட்டார் வண்டி தீவில் இறங்கிற்று. 1958இல் சாலை முழுமை பெற்றது. போடமுடியாத சாலை என்றே அதற்கு இன்றுவரை பெயர்.

விமான நிலையம் 1963இல் திறந்தது. ஃபோர்ட் பேயில் படகுத்துறை 1972இல் வந்தது. பெரிய உல்லாசக் கப்பல்கள் வந்து கட்டி நிற்பதற்கு இப்போதும் இடம் இல்லை. ஆயிரக்கணக்கான பேர் காலையில் இறங்கி மாலையில் ஏறுகிற அந்தக் கூத்து சேபாவுக்கு நேரவில்லை. இந்தத் தீவின் கடலை முதலில் காப்பாற்றியது எந்தச் சட்டமும் அன்று, இந்தச் சிரமந்தான். கப்பல் நிற்க இடமில்லாத கரையில் சட்டம் செய்வதற்கு வெகுகாலம் அவசியமே ஏற்படவில்லை.

▣ பெட்டிச் செய்தி: சேபா ஒரு பார்வையில்

சிறிய ஆண்டிலிஸ் எரிமலைத் தொடரின் வட கோடியில் உள்ள எரிமலை இது. அட்லாண்டிக் தளத்தட்டு கரீபியத் தட்டின் அடியில் ஆண்டுக்கு இரண்டு சென்டிமீட்டர் அளவில் நுழைந்துகொண்டிருப்பதே இந்தத் தொடர் பிறந்ததற்குக் காரணம்.

மலையின் பெயர் மவுண்ட் சீனரி. உயரம் ஏறத்தாழ 2,900 அடி. நெதர்லாந்து ராஜ்யத்திலேயே இதுதான் உயர்ந்த சிகரம். உச்சிக்கு 1,064 படிகள்.

கடைசியாக வெடித்தது சுமார் 1640இல் என்று மண்ணடுக்கின் ஆய்விலிருந்து கணிக்கிறார்கள். நெதர்லாந்தின் வானிலை நிலையம் நிலநடுக்கக் கருவிகளை வைத்து மலையைக் கவனித்து வருகிறது.

2010 அக்டோபர் 10 முதல் நெதர்லாந்தின் விசேஷ நகராட்சி. 2011 முதல் செலாவணி அமெரிக்க டாலர்.

அறுபது மீட்டர் ஆழம் வரை

படகுத்துறையும் விமானமும் வந்த பிறகு சிரமத்தின் காவல் தளர்ந்தது. முக்குளிப்போர் வரத்தொடங்கினார்கள். அவர்களோடு படகுகளும், படகுகளோடு நங்கூரங்களும் வந்தன. நங்கூரம் செய்யும் தீங்கு, மேலே படகில் உட்கார்ந்து தேநீர் குடிக்கிறவருக்குத் தெரிவதில்லை. இரும்பு விழுந்த இடம் ஒரு சாண் என்றால், காற்றுக்கும் ஓட்டத்துக்கும் படகு வட்டமிடுந்தோறும் அதன் சங்கிலி தரையைத் துடைப்பம்போலப் பெருக்கிக்கொண்டே இருக்கும். ஆண்டுக்கு ஒரு சென்டிமீட்டரோ அதற்கும் குறைவாகவோ வளரும் பவளங்கள் ஒரு பிற்பகலில் சல்லியாகிவிடும்.

1987இல் தீவார் செய்த ஏற்பாடு, அந்தக் காலத்துக்கு மிகவும் துணிச்சலானது. கடலில் ஒரு மூலையை மட்டும் வேலியிட்டுச் சரணாலயம் என்று பெயரிடாமல், தீவைச் சுற்றியுள்ள கடல் முழுவதையுமே, உயர்ந்த அலை தொடும் கோட்டிலிருந்து 60 மீட்டர் ஆழம் வரை, தரையும் நீரும் சேர்த்து சேபா கடற்பூங்கா என்று பிரகடனம் செய்தார்கள். (நம் மன்னார் வளைகுடாவின் 21 தீவுகள் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது அதற்கு முந்திய ஆண்டு, 1986இல். அங்கே பவளத்தைச் சுண்ணாம்புக்காக வெட்டியெடுத்ததன் பலனாக இரண்டு தீவுகள் நீரில் மூழ்கிப்போனதை நினைத்தால், சட்டம் சற்று முந்தி வந்திருக்கக்கூடாதா என்று மனம் ஏங்கத்தான் செய்கிறது.) பூங்காவை நடத்துவது சேபா கன்சர்வேஷன் ஃபவுண்டேஷன் என்னும் தீவாரின் அமைப்பு. கடலை மண்டலங்களாகப் பிரித்து, முக்குளிப்பதற்கு இன்ன இடம், மீன்பிடிக்க இன்ன இடம், கப்பல் நங்கூரமிட இன்ன இடம் என்று வரையறுத்திருக்கிறார்கள்.

முக்குளிக்கும் இடங்கள் ஏறத்தாழ முப்பது. ஒவ்வொன்றிலும் நிரந்தரமான மிதவை ஒன்று உண்டு. கடலடிப் பாறையில் துளையிட்டு, அதில் இரும்பு வளையத்தை இறுக்கிப் பதித்து, அதிலிருந்து கயிற்றை மேலே கொண்டுவந்து மிதவையில் கட்டியிருக்கிறார்கள். வரும் படகு கயிற்றைப் பற்றிக்கொள்ளும், போகும்போது விட்டுவிடும். இரும்பு எதுவும் கீழே இறங்குவதில்லை. வந்தவர் தம் இஷ்டத்துக்குச் சிலிண்டரை மாட்டிக்கொண்டு குதிக்கவும் முடியாது. தீவிலுள்ள டைவ் நிலையம் ஒன்றின் மூலமாகத்தான் இறங்கவேண்டும். ஒவ்வொரு முக்குளிப்புக்கும் வசூலாகும் கட்டணம் பூங்காவின் பராமரிப்புக்குப் போகிறது. சிப்பி ஒன்றையோ இறந்த பவளத் துண்டு ஒன்றையோ நினைவுப் பொருளாகப் பையில் போட்டுக்கொள்ளும் பழக்கம் உள்ளவர்கள் அதைச் செயின்ட் மார்ட்டினிலேயே விட்டுவிட்டு வருவது உத்தமம்.

ஆழத்தின் கணக்கு

இங்கேதான் நம் பிரயாணி தம் திட்டத்தை விரித்துப் போட்டுக்கொண்டு உட்காரவேண்டும்.

சேபாவின் கடலடியைப் பற்றிய கியாதி பெரும்பாலும் அதன் மேற்குப் புறத்தில் உள்ள கடற்கோபுரங்களால் வந்தது. எரிமலை கடலுக்குள்ளும் விட்ட கிளைகள் அவை. கரையிலிருந்து சிறிது தூரத்தில், சூரிய வெளிச்சம் எட்டாத ஆழத்திலிருந்து செங்குத்தாக எழும்பி, நீர்மட்டத்துக்குச் சுமார் 27 மீட்டர் கீழே வந்து நின்றுவிடுகின்றன. தேர்டு என்கவுன்டர் என்றும், ஐ ஆஃப் தி நீடில் என்றும் பெயரிட்டிருக்கிறார்கள். பின்னதன் பொருள் ஊசியின் காது. பெயருக்கேற்பவே ஒடுங்கி உயர்ந்த தூண் அது. கடற்பஞ்சும் பவளமும் போர்த்திய அந்தத் தலையைச் சுற்றி மீன் கூட்டங்கள் சுழல, அப்பால் நீலம் கறுக்கும் இடத்தில் கரீபியப் பாறைச் சுறா ஒன்று வருவதும் மறைவதுமாக இருக்கும் காட்சிக்காகவே உலகத்தின் பல பாகங்களிலிருந்து ஜனங்கள் வருகிறார்கள்.

ஆனால் 27 மீட்டர் என்பது கோபுரத்தின் உச்சி. இறங்குகிறவருக்கு அதுவே தரைத்தளம். தொடக்கநிலைச் சான்றிதழ் பெற்றவருக்கு அனுமதிக்கப்படும் ஆழம் 18 மீட்டர்தான். அட்வான்ஸ்டு என்னும் அடுத்த படியைத் தாண்டியவருக்கு 30. ஆகவே புதுச்சேரியில் முதல் சான்றிதழோடு நிறுத்திக்கொண்டவர், பதினைந்தாயிரம் கிலோமீட்டர் பறந்துபோய், கோபுரத்தின் தலையையும் காணாமல் திரும்பும் வாய்ப்பு உண்டு. அங்கே போய்ப் படித்துக்கொள்ளலாம் என்பார்கள். படிக்கலாம்தான், ஆனால் அருமையான நாட்களில் இரண்டைப் பாடத்துக்குக் கொடுக்கவேண்டியிருக்கும். அடுத்த படியை இங்கேயே முடித்துவிட்டு, இருபது முப்பது முக்குளிப்புகளாவது பழகிய கையோடு போவதே விவேகம் என்பது என் அபிப்பிராயம்.

ஆழத்துக்கும் காற்றுக்கும் உள்ள பந்தத்தையும் மறக்கக்கூடாது. 30 மீட்டரில் நீரின் அழுத்தமும் வளியின் அழுத்தமுமாகச் சேர்ந்து தரையில் உள்ளதைப்போல நான்கு மடங்காகிவிடுகிறது. ஒவ்வொரு மூச்சும் சிலிண்டரிலிருந்து நான்கு மூச்சின் காற்றை எடுத்துக்கொள்கிறது. அதைவிட முக்கியம், அழுத்தத்தோடு உள்ளே போகும் நைட்ரஜன் ரத்தத்திலும் தசையிலும் கரைந்து தங்குவது. அதனால் அந்த ஆழத்தில் சாதாரணக் காற்றோடு தங்கக்கூடிய நேரம் இருபது நிமிஷம்தான் என்று அட்டவணைகள் சொல்கின்றன. சென்னையிலிருந்து முப்பது மணி நேரம் பிரயாணம் செய்து, ஊசியின் காதருகே நிற்பது இருபது நிமிஷம்! கோயிலில் மணிக்கணக்காக வரிசையில் நின்று மூலவரை ஒரு கண நேரம் கண்டு நகர்கிறவர்களுக்கு இது விசித்திரமாகப் படாது.

கோபுரங்களையே கட்டிக்கொண்டு அழுவானேன்? அவை திறந்த கடலில் இருப்பவை. காற்றும் ஓட்டமும் ஒத்துக்கொண்டால்தான் படகு போகும். போகாத நாட்களுக்கு, ஃபோர்ட் பேயின் அருகே டென்ட் ரீஃப் இருக்கிறது. ஆழமில்லாத பாறைத் திட்டாகத் தொடங்கி, விளிம்பில் சுவராகச் சரியும் இடம். அங்கே இரவிலும் இறங்குவார்கள். வடமேற்கில் பறவைகளின் எச்சத்தால் தலை வெளுத்து, தூரத்திலிருந்து பார்க்க வைரம்போல மின்னும் டயமண்ட் ராக் நிற்கிறது. அதன் அடிவாரத்தில் அழுங்காமையும் நர்ஸ் சுறாவும் அமர்த்தலாகக் கிடக்கும். சேபாவின் பவளம், பவளத்தின் மேலேயே பவளம் வளர்ந்து எழுந்த திட்டு அன்று. மலையிலிருந்து உருண்ட கறுத்த எரிமலைப் பாறைகளின் மேல் பவளம் படர்ந்து பூசிக்கொண்டது. கறுப்பின் மேல் செம்மையும் மஞ்சளும் ஊதாவும் விழும்போது அந்த வர்ணங்களுக்கு உண்டாகும் அழுத்தம் வெண்மணல் நாடுகளில் வராது.

லேடர் பேயின் பக்கத்தில் ஓரிடத்தில் மணல் மஞ்சளோடியிருக்கும். வழிகாட்டி கையசைத்து நிறுத்தி, விரல்களை மணலில் புதைக்கச் சொல்வார். புதைத்தால், மேலே நீர் குளுமையாக இருக்க, விரல்நுனியில் சூடு ஏறும்; இட்லிப் பானையை இறக்கி வெகுநேரம் கழித்துத் தொட்டாலும் அடியில் ஒரு வெதுவெதுப்பு இருக்குமே, அப்படி. மூன்று நூற்றாண்டுகளுக்கும் மேலாக உறங்கும் மலை இன்னும் உள்ளே அடுப்பை அணைக்கவில்லை. ஆச்சரியத்தில் சிரித்துவிட்டால், கன்னத்தோடு ஒட்டியிருந்த மாஸ்க் நெகிழ்ந்து உப்புநீர் உள்ளே புகுந்துவிடும். அனுபவசாலிகள்கூட அங்கே ஒருமுறை மாஸ்க்கைத் துப்புரவு செய்துகொள்ளத்தான் நேர்கிறது.

மலையா, கடலா?

மற்றத் தீவுகளில் எழாத ஒரு சங்கடம் சேபாவில் உண்டு. பலர் அங்கே போன பிறகே அதை அறிகிறார்கள்.

உடம்பில் கரைந்த நைட்ரஜன் மெல்ல மெல்ல மூச்சோடு வெளியேறவேண்டும். அதற்குள் மேலே உயரமான இடத்துக்குப் போனால், வெளியழுத்தம் சட்டென்று குறைந்து, மூடி திறந்த சோடாப் புட்டியில் குமிழி பொங்குவதுபோல ரத்தத்தில் குமிழிகள் தோன்றக்கூடும். மூட்டுவலியில் தொடங்கி, பக்கவாதம் வரைக்கும், ஏன், உயிருக்கே கூட ஆபத்தாகலாம். முத்துக்கும் சங்குக்குமாக மூச்சடக்கி மூழ்கிய நம் மன்னார்க் கடலாருக்கு இந்தத் தொல்லை அவ்வளவாக இருந்ததில்லை. அவர்கள் கொண்டுபோனது ஒரே மார்பளவு மூச்சு. அழுத்திய காற்றை மூச்சுக்கு மூச்சு இழுத்துக்கொண்டிருக்கும் ஸ்கூபாக்காரருக்குத்தான் இந்தக் கடன் ஏறுகிறது. அதனால்தான் ஒரே ஒரு முக்குளிப்புக்குப் பிறகு 12 மணி நேரமும், பல நாள் தொடர்ந்து இறங்கியவர் 18 மணி நேரமும் விமானம் ஏறாதிருக்கவேண்டும் என்று விதித்திருக்கிறார்கள். ஒரு முழு நாள் பொறுப்பவர்களும் உண்டு.

விமானம் என்றால் யாருக்கும் புரிகிறது. சேபாவிலோ விமானம் ஏறாமலே விமானத்தின் வேலை நடந்துவிடுகிறது. படகுத்துறை கடல்மட்டத்தில். அங்கிருந்து சாலை கிறுகிறுவென்று ஏறி, தலைநகரமாகிய தி பாட்டத்தை அடையும்போதே இருநூறு மீட்டருக்கு மேல் வந்தாயிற்று. அடிப்பாகம் என்று ஆங்கிலத்தில் பொருள்படும் அந்தப் பெயர், கிண்ணத்தைக் குறிக்கும் டச்சுச் சொல்லின் திரிபு என்பார்கள். பெரும்பாலான விடுதிகள் இருக்கும் விண்ட்வர்ட்சைடோ ஏறத்தாழ 400 மீட்டர் உயரத்தில். முக்குளிப்புக் கணக்குகளில் 300 மீட்டரைத் தாண்டினாலே உயரப் பிரதேசம் என்று எழுதியிருக்கிறது. எனவே உள்ளூர் வழிகாட்டிகள் ஆழத்தையும் நேரத்தையும் சற்று அடக்கியே வைக்கிறார்கள். மேலே வரும் வழியில் நிறுத்தும்போது ஒரு நிமிஷம் அதிகமாகத் தொங்கச் சொல்கிறார்கள். அதைப் பேடித்தனம் என்று எண்ணி முகம் சுளிப்பவருக்குத் தாம் தங்கியிருக்கும் அறை எத்தனை அடி உயரத்தில் இருக்கிறது என்பது நினைவில் இல்லை என்று அர்த்தம்.

மவுண்ட் சீனரியின் 1,064 படிகளை முக்குளித்த அன்றே ஏறுவது என்ற யோசனை ஆகவே ஆகாது. ஆனால் ஏறாமல் வருவதும் பெரிய நஷ்டம். எலுமிச்சையும் வாழையும் இருக்கும் கிராமத்தில் தொடங்கி, ஈரத்தில் வழுக்கும் படிகளாக ஏற ஏற, மரங்களின் மேல் பாசியும், பாசியின் மேல் பெரணியும், அவற்றின் மேல் மேகமுமாகப் பிரதேசமே மாறிவிடுகிறது. கால் வைக்குமிடத்தில் செவ்வயிற்றுப் பாம்பு ஒன்று நழுவிப் போகலாம். சேபாவையும் யூஸ்டேஷியஸையும் தவிர உலகத்தில் வேறெங்கும் இல்லாத இனம் அது, மனிதனுக்கு அபாயமற்றது. இதற்கெல்லாம் வழி ஒன்றுதான்: மலையை முதலில் வைத்துக்கொள்வது. வந்து இறங்கிய மறுநாள் மலை, பிறகு நான்கைந்து நாள் கடல், கடைசி நாள் ஒன்றும் செய்யாதிருத்தல். ஒரு வாரத்துக்குக் குறைவாகத் திட்டம் போட்டால் இம்மூன்றில் ஒன்று விழுந்துவிடும். அவசரக்காரர்கள் விழவிடுவது எப்போதும் அந்தக் கடைசி நாளைத்தான்.

▣ பெட்டிச் செய்தி: புறப்படுமுன்

வழி: ஆம்ஸ்டர்டாம் அல்லது பாரிஸ் வழியாகச் செயின்ட் மார்ட்டின், அங்கிருந்து சிறு விமானம் அல்லது ஒன்றரை மணி நேரத்துக்குள் கரைசேர்க்கும் படகு. படகில் அலை பலமாகவே இருக்கும். சிறு விமானத்தில் மூட்டைக்கு எடை வரம்பு உண்டு; கனமான கருவிகளைத் தீவில் வாடகைக்கு எடுத்துக்கொள்வது நல்லது.

விசா: ஷெங்கன் பிரதேசத்தில் கரீபிய நெதர்லாந்து சேராது, அதற்குக் கரீபிய விசா என்று தனியே ஒன்று உண்டு. சிலருக்கு விலக்கும் உண்டு. விமானச் சீட்டு வாங்குமுன் தூதரகத்தில் விசாரித்துக்கொள்ள வேண்டும்.

பருவம்: புயற்காலம் ஜூன் முதல் நவம்பர் வரை. குளிர்மாதங்களில் நீர் 25, 26 டிகிரி செல்சியஸ். கோடையின் முடிவில் 28, 29. ஆண்டின் முதல் மாதங்களில் கூனல் திமிங்கிலங்கள் அந்தக் கடல்வழியே போகும்; நீருக்குள் அவற்றின் பாட்டு கேட்பதுண்டு.

காப்பு: முக்குளிப்பு விபத்தையும் விமானத்தில் நோயாளியை ஏற்றிச் செல்வதையும் சேர்த்த காப்பீடு அவசியம். மிக அருகில் இயங்கும் அழுத்தச் சிகிச்சை அறை எது, யார் கொண்டுபோவார்கள் என்பதை முதல் நாளே டைவ் நிலையத்தில் கேட்டுவிட வேண்டும்.

வேலி அறியாத விருந்தாளிகள்

நங்கூரத்தைத் தடுத்தார்கள். சங்கிலியைத் தடுத்தார்கள். ஆனால் நீரோடு வருவதை எந்தச் சட்டத்தாலும் தடுக்கமுடியவில்லை.

1983இல் பனாமாக் கரையருகே நீண்ட கறுத்த முட்களையுடைய கடல் முள்ளெலிகள் திடீரென்று சாகத்தொடங்கின. ஒரு வருஷத்துக்குள் கரீபியக் கடல் முழுவதும் அந்தக் கொள்ளைநோய் பரவி, பத்தில் ஒன்பதுக்கு மேல் மாண்டன. காலில் குத்தும் பிராணி ஒழிந்தது என்று அப்போது மகிழ்ந்தவர்களும் இருந்திருக்கலாம். ஆனால் பாறையில் படியும் பாசியை இரவெல்லாம் மேய்ந்து சுத்தம் செய்துவந்த அந்த மந்தை போனதும், பாசி மெத்தை போலப் படர்ந்து பவளக் குஞ்சுகள் வந்து ஒட்ட இடமில்லாமல் அடைத்துவிட்டது. நாற்பது வருஷமாக மெல்லத் தலையெடுத்து வந்தவை மீண்டும் 2022இல் மடிந்தன. சேபாவின் கடலும் தப்பவில்லை. அம்முறை ஒரு நுண்ணுயிரே காரணம் என்று மறுவருஷம் கண்டுபிடித்தார்கள். முள்ளெலியின் இளங்குஞ்சுகளைப் பிடித்துத் தொட்டியில் வளர்த்துப் பாறைக்குத் திருப்பிவிடும் முயற்சியில் டச்சு ஆராய்ச்சியாளரும் தீவாரும் ஈடுபட்டார்கள். அரையங்குலக் குஞ்சை வளர்த்துக் கொண்டுபோய் விட்டால், முதல் இரவே ஏதாவதொரு மீன் வந்து தின்றுவிடும் கஷ்டமும் அதில் உண்டு.

இன்னொரு விருந்தாளி நம் பக்கத்திலிருந்து போனது. விசிறிபோல் விரியும் துடுப்பும் விஷ முள்ளும் கொண்ட லயன்ஃபிஷ் நம் இந்துமகா சமுத்திரத்துக்கும் பசிபிக்கிற்கும் உரிய மீன். மன்னார் வளைகுடாவின் பாறைகளில் அதற்கு அதற்குரிய இடமும் எதிரியும் உண்டு. அலங்காரத் தொட்டிகளில் வளர்க்கக் கொண்டுபோனவை அமெரிக்கக் கடலில் விடுபட்டு, 1985இல் ஃபுளோரிடாவில் முதன்முதலாகத் தென்பட்டன. இந்த நூற்றாண்டில் கரீபியக் கடல் முழுவதையும் அவை வளைத்துக்கொண்டன. அங்கேயுள்ள சிறு மீன்களுக்கு இது எதிரி என்றே தெரியாது. அருகில் வந்து நின்று விழுங்கப்படுகின்றன. தூத்துக்குடிக் கடலில் முக்குளித்துப் பழகிய ஒருவர் சேபாவில் அந்த மீனைக் கண்டால் ஊர்க்காரரைக் கண்ட சந்தோஷத்தோடு படம் எடுக்கப் போவார். வழிகாட்டியோ ஈட்டியோடு வருவார்.

இவற்றுக்கெல்லாம் மேலாக வெப்பம். 2023இல் ஆரம்பித்த கடற்சூடு உலகப் பவளங்களை நான்காம் முறையாகச் சேர்ந்தாற்போல வெளுக்கச் செய்தது. பூங்காவின் எல்லைக்கோடு 60 மீட்டர் ஆழம் வரை இருக்கிறது. சூடேறிய தண்ணீர் அந்தக் கோட்டைக் கேட்டுக்கொண்டு நுழைவதில்லை. பயனற்றதென்றால் காவல் எதற்கு என்று சிலர் கேட்கிறார்கள். நோயாளிக்கு ஜுரம் வந்துவிட்டது என்பதற்காக யாரும் அவன் காலில் பாரத்தைப் போடுவதில்லை. வெப்பத்தாலும் நோயாலும் நலிந்திருக்கும் பாறை, நங்கூரமும் துடுப்புக்காலின் உதையும் இல்லாத இடத்தில்தான் தேறிவர வழியுண்டு. அந்தப் பொறுப்பில் ஒரு பங்கு வந்து இறங்குகிறவரைச் சேர்ந்தது. கண்ணைப் படக்கருவியில் ஒட்டிக்கொண்டு காலை எங்கே வைக்கிறோம் என்று பாராதவர், இருநூறு வருஷப் பவளத்தை ஒரே உதையில் உடைத்துவிட்டு, நல்ல படம் கிடைத்தது என்று மேலே வருவார். முதல் இரண்டு நாளாவது கருவியைப் படகிலேயே வைத்துவிட்டு, அந்தரத்தில் அசையாமல் மிதக்கும் வித்தையை மறுபடி பழகிக்கொள்ளச் சொல்வேன்.

மீன்காரரின் பக்கம்

தீவின் தென்மேற்கே, சில கிலோமீட்டர் தூரத்தில், சேபா பேங்க் என்ற கடலடிப் பீடபூமி பரந்து கிடக்கிறது. பரப்பு 2,200 சதுர கிலோமீட்டர். தீவைப்போல நூற்றறுபது மடங்குக்கும் மேல். உலகின் மிகப் பெரிய அட்டோல்களில் ஒன்றாகிய அது நீருக்கு மேல் ஒரு முழங்கூடத் தலை காட்டவில்லை. சேபாவின் மீனவர்கள் சிங்கி இறாலுக்குக் கூண்டு வைப்பது அங்கேதான். தீவின் பொருளாதாரத்தில் அதற்குக் கணிசமான பங்குண்டு. யூஸ்டேஷியஸில் உள்ள எண்ணெய்க் கிடங்குக்கு வரும் பிரம்மாண்டமான டாங்கர்கள், முறைக்குக் காத்திருக்கும்போது, கட்டணம் இல்லாத இந்தப் பீடபூமியில் நங்கூரத்தைப் போட்டுக்கொண்டு நிற்பது வழக்கமாக இருந்தது. அந்த நங்கூரங்கள் பவளத்தை நொறுக்கியதோடு மீனவர் வைத்த கூண்டுகளையும் அறுத்துக்கொண்டு போயின.

2010இல் நெதர்லாந்து அதை இயற்கைப் பூங்காவாக்கியது. 2012இல் சர்வதேசக் கடல்சார் நிறுவனம் அதை விசேஷமாகப் பேணவேண்டிய கடற்பகுதியாக அங்கீகரித்து, நங்கூரமிடவே கூடாதென்று தடை செய்தது. காவல் என்றாலே மீனவருக்கு விரோதம் என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்கவேண்டும்: இங்கே தடையினால் முதலில் நிம்மதி அடைந்தவர்கள் கூண்டு வைக்கும் மனிதர்கள்.

அடுத்த சோதனை துறைமுகத்தின் உருவில் வந்துகொண்டிருக்கிறது. ஃபோர்ட் பேயின் குறுகிய துறை புயலில் அடிக்கடி சேதமாவதால், பிளாக் ராக்ஸ் என்னும் இடத்தில் புதிய துறைமுகம் அமைக்கும் திட்டம் உருவாகியிருக்கிறது. அரிசியும் மருந்தும் எரிபொருளும் தடையின்றி வந்துசேரவேண்டும் என்ற தீவாரின் ஆசையில் குற்றம் காண, வாரக்கணக்கில் விருந்தாளியாக வந்துபோகும் நமக்கு அதிகாரம் இல்லை. ஆயினும் சிரமமே காவலாக இருந்த தீவில் சிரமம் குறையக் குறைய, காவலின் பாரம் முழுவதும் பூங்காவின் சிறு பணியாளர் குழுவின் தோளுக்கு வந்து சேர்கிறது.

கடைசி நாள்

ஒன்றும் செய்யக்கூடாத அந்தக் கடைசி நாளில் விண்ட்வர்ட்சைடின் சந்துகளில் நடக்கலாம். வெள்ளைச் சுவர், சிவப்புக் கூரை, பச்சை ஜன்னல். வீடெல்லாம் ஒரே ஜாடை. சில வீட்டுத் தோட்டங்களில் செம்பருத்திக்குப் பக்கத்திலேயே முன்னோரின் சமாதி இருக்கும். வெனிசுவேலாவின் கராகஸ் நகரக் கன்னியாஸ்திரீ மடத்தில் கற்றுவந்த ஒரு பெண்மணியால் 1870களில் இங்கே பரவிய நூல்வேலையை, மூக்குக்கண்ணாடியைத் தாழ்த்திக்கொண்டு இன்றும் சில மூதாட்டிகள் செய்துகொண்டிருக்கிறார்கள். துணியிலிருந்து இழைகளை ஒவ்வொன்றாக உருவி எடுத்துவிட்டு, மிஞ்சிய இழைகளை முடிச்சிட்டுப் பூவாக்குவது அதன் முறை. ஒரு கைக்குட்டையை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தால், இல்லாத இழைகளின் இடைவெளிதான் பூவாகத் தெரியும்.

மாலையில் அந்த உயரத்திலிருந்து பார்த்தால் டயமண்ட் ராக் பக்கத்துக் கடல் தெரியாது. ஆனால் ஃபோர்ட் பேய்க்குத் திரும்பும் சிறு படகு ஒன்று தெரியக்கூடும். பூங்காவின் பணியாளர் அதில் இருப்பார். முக்குளிப்போர் எல்லாரும் கரையேறிய பிறகு, அவர் ஒரு மிதவையின் கயிற்றோடு கீழே இறங்கி, பாறையில் பதித்த வளையத்தை ஆட்டிப் பார்த்து, கயிற்றில் ஒட்டிய பாசியையும் சிப்பியையும் கத்தியால் சுரண்டி, நைந்த இடத்தை அறுத்துப் புதுக்கயிறு பிணைத்துவிட்டு வருகிறார். நாளைக் காலை ஒன்பது மணிக்கு அதில் வந்து கட்டிக்கொள்ளப்போகும் படகில் வேறு யாரோ இருப்பார்கள்.